அடிமையும் குலமானமும்: பண்டை ஐசுலாந்தின் சமுதாய ஒழுக்கம்

இக்கட்டுரை எழுதுவதற்குக் காரணமாயிருந்தது உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் என்னிடம் கேட்ட வினாவாகும். அவர் கணினியில் ஆடும் ஆட்டமொன்றிலே, ஆடுபவர் ஒரு குலத்தின் தலைமையை ஏற்று அதனை நடாத்துதல் வேண்டும். மந்தை பெருக்குதல், அயற்குலங்களோடு பூசலும் உறவும் கொள்ளுதல், தெய்வங்களுக்குப் பலியிடுதல் முதலாய கருமங்களோடு, பூசலிற் பிடிபட்டோரை அடிமைகளாக வைத்திருப்பதா விடுவிப்பதா என்பதையும் அவரே துணிதல் வேண்டும். கிரெக் ஸ்ராவோட் என்னும் அமெரிக்கர் படைத்த 'கிளொராந்தா' என்ற கற்பனை உலகமே அவ்வாட்டத்தின் களம். 1978 இல் வெளிவந்த 'ரூன்குவெஸ்ற்' என்னும் பாத்திரமேற்றாடும் ஆட்டத்துக்கும், 1999 இல் வெளிவந்த ஒரு கணினி ஆட்டத்துக்கும் அதுவே நிலைக்களன். அடிமைகளை விடுவித்தால் குலத்தின் உழைப்புக் குன்றுகின்றது, வைத்திருந்தால் மனம் ஒப்பவில்லை, உண்மையில் அவ்வாறு வாழ்ந்த மக்கள் எதனை அறமெனக் கொண்டனர் என்பது மாணவரின் வினா.

உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. ஆட்டத்தில் வரும் குலங்கள் கற்பனையே எனினும், குலமும் மானமும் பழிக்குப் பழியும் வாழ்வின் அச்சாக அமைய, அடிமைகளை உடைமையாகக் கொண்ட மக்கள் வரலாற்றிலே பலர் இருந்தனர். அவருள் தம் வாழ்க்கையைத் தாமே விரிவாக எழுதி வைத்தவர் பண்டை ஐசுலாந்தினர். அவர்தம் சட்டத்தொகுதியும், குடியேற்ற வரலாறும், சாகா எனப்படும் உரைநடைக் கதைகளும் நமக்குக் கிடைக்கின்றன. இவற்றை ஆங்கில மொழிபெயர்ப்பின் வாயிலாகவே யான் படித்தேன். அடிமையைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் 'திரால்' என்ற சொல்லும் அவ்வடபுலத்து மொழியிலிருந்து வந்ததே.

ஐசுலாந்து அத்திலாந்திக்குப் பெருங்கடலின் வடபாலுள்ள தீவு. கி.பி. 870 அளவில் தொடங்கி 930 வரையுள்ள அறுபது ஆண்டுகளில் நோர்வேயினின்றும், அயர்லாந்து, ஸ்கொத்லாந்து என்பவற்றின் கரைகளினின்றும் வந்தோர் அதிற் குடியேறினர். 930 அளவில் அல்திங் எனும் பொதுமன்றம் அமைந்தது. அந்நாட்டில் அரசன் இல்லை, படையில்லை, காவலரும் இல்லை. மன்றம் தீர்ப்புச் சொல்லும். தீர்ப்பை நிறைவேற்றுவது வழக்கில் வென்றவனின் பொறுப்பு. அவனுக்குக் கைகொடுப்போர் அவன் சுற்றத்தார், நண்பர், அவன் சார்ந்த தலைவன் என்போரே. 1262 தொடக்கம் 1264 வரையுள்ள காலத்தில் நோர்வே அரசனுக்கு அடங்கும்வரை இந்நிலையே நீடித்தது.

ஈண்டு ஒரு சொல் விளக்கம் வேண்டும். குலம் என்று யான் எழுதுவது, ஒரே முன்னோனின் ஆண்வழியில் வந்த, எல்லை வரையறுத்த கூட்டத்தை அன்று. ஐசுலாந்தினர் தந்தைவழியையும் தாய்வழியையும் ஒருங்கே உறவாக எண்ணினர். ஆதலின் ஒவ்வொருவனுக்கும் அவனவனைச் சுற்றி ஒரு கிளை இருந்தது. அண்ணன் தம்பியரைத் தவிர வேறிருவருக்கு அது ஒன்றாக இராது. ஒருவன் கொல்லப்பட்டால் பழி வாங்கவோ, ஈட்டுப் பணம் பெறவோ உரியவர் யார் யார், எவ்வுறவுக்கு எவ்வளவு என்பதைச் சட்டம் தூரத்து உறவினர்வரை நிரல்பட எழுதி வைத்தது. ஒருவனுடைய உயிரின் மதிப்பு அவனைச் சுற்றிநின்ற உறவின் மதிப்பாகவே இருந்தது என்பது இதனாற் பெறப்படும்.

இதனை மனத்திருத்தினால் அடிமை யாவன் என்பது தெளிவாகும். அடிமை உழைப்பவன் என்பது மட்டும் அவனை வேறுபடுத்தவில்லை. பெருந்தலைவர்களும் அந்நாட்டில் தம் கையால் வைக்கோல் அரிந்தனர். அடி உதை பட்டவன் என்பதும் அன்று. சட்டத்தின் கண்ணில் உறவற்றவன் எவனோ அவனே அடிமை. அவனுக்குத் தந்தை உண்டு. ஆனால் அத்தந்தை வழக்குத் தொடுக்க முடியாது. மகன் உண்டு, அம்மகன் பழி வாங்க உரியவனல்லன். யமேக்காவிற் பிறந்த சமூகவியலறிஞர் ஒர்லாண்டோ பாற்றர்சன் 1982 இல் வெளியிட்ட நூலில், உலகின் பல்வேறு அடிமை முறைகளையும் ஒப்பிட்டு, பிறப்புறவினின்று துண்டித்தலே அவற்றுக்கெல்லாம் பொதுவான அடையாளம் என நிறுவினார். ஐசுலாந்து அதற்கு மிகத் தெளிந்த சான்று.

குடியேற்ற நூல் தன் தொடக்கத்திலேயே ஒரு கொலையைச் சொல்கின்றது. இங்கோல்வ், யோர்லெய்வ் என்னும் இருவர் ஒருவர்க்கொருவர் உடன்பிறப்பாகச் சூளுரைத்துக்கொண்டவர். யோர்லெய்வ் அயர்லாந்திற் கொள்ளையிட்டுப் பத்து ஆடவரை அடிமைகளாகக் கொணர்ந்தான். மரபு கூறும் 874 ஆம் ஆண்டில் இருவரும் ஐசுலாந்தில் இறங்கினர். வேனில் வந்ததும் யோர்லெய்வ் நிலத்தை உழ விரும்பினான். அவனிடம் எருது ஒன்றே இருந்தது. அவ்வெருதுடன் அடிமைகளையும் கலப்பையிற் பூட்டி இழுப்பித்தான். டுவ்தாக் என்னும் ஐரியன் தன் தோழருடன் கூடிச் சூழ்ச்சி செய்தான். எருதைக் கொன்று, கரடி கொன்றதென்று பொய்யுரைத்து, கரடியைத் தேடிக் காட்டிற் பிரிந்துசென்ற யோர்லெய்வையும் அவன் ஆட்களையும் தனித்தனியே அவர்கள் கொன்றனர். பின்பு பெண்களையும் பொருள்களையும் படகில் ஏற்றிக்கொண்டு தென்பால் தெரிந்த சிறு தீவுகளுக்குச் சென்றனர். இங்கோல்வ் அவர்களைத் தேடிப் பிடித்தான். சிலர் வாளுக்கு இரையாயினர்; சிலர் பாறைமுகட்டினின்றும் குதித்து மாண்டனர். அயர்லாந்தினரை 'மேற்கத்தியர்' என வடபுலத்தார் அழைத்தமையால் அத்தீவுகள் இன்றும் மேற்கத்தியர் தீவுகள் எனவே வழங்குகின்றன.

நண்பனின் பிணத்தைக் கண்ட இங்கோல்வின் துயரை நூல் பதிவு செய்துள்ளது. வீரனொருவன் அடிமைகளின் கையால் முடிவெய்தியதே அவனுக்குப் பெருந்துயர். தெய்வங்களுக்குப் பலியிட மறுத்தமையால் அது நேர்ந்தது என்பது அவன் கண்ட காரணம். மனிதரை எருதோடு பூட்டியதைக் காரணமென்று அவன் சொல்லவில்லை. நூலாசிரியரும் சொல்லவில்லை. ஆயினும் எருது ஒன்றே இருந்தது, அடிமைகள் கலப்பை இழுத்தனர் என்ற செய்தியை ஒளியாமல் எழுதி வைத்தார். அவர் எழுதாது விட்டிருப்பின் டுவ்தாக்கின் நியாயத்தை நாம் அறிய வழியே இராது.

இனிச் சட்டத்தை நோக்குவோம். ஐசுலாந்தின் சட்டங்கள் 1117 ஆம் ஆண்டின் மாரியில் முதன்முதல் எழுத்திலேற்றப்பட்டன. இன்று கிடைக்கும் பெரிய ஏடுகள் 13 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தவை. அத்தொகுதிக்குச் 'சாம்பல்நிற வாத்து' என்று விந்தையான பெயர் வழங்குகின்றது. அடிமையை அவனுடைய ஆண்டான் கொன்றால் குற்றமில்லை. ஆனால் கிறித்தவரின் தவக்காலத்திலோ, திருநாள்களிலோ கொன்றால் மூன்றாண்டு நாடுகடத்தல் தண்டமுண்டு. நாடு கிறித்தவத்தைத் தழுவியது 1000 ஆம் ஆண்டளவில். புதிய சமயம் கொணர்ந்த இத்திருத்தத்தைக் கூர்ந்து நோக்கினால், அங்கே குற்றப்பட்டது நாளேயன்றி ஆள் அன்று.

பிறனுடைய அடிமையைக் கொன்றவன் உடையவனுக்கு 12 அவுன்சு வெள்ளி கொடுத்தல் வேண்டும். கொலை நிகழ்ந்தபின் மூன்றாம் ஞாயிறு எழுமுன் அப்பணத்துடன் அவன் புறப்பட்டுவிடவேண்டும் என்று ஒரு சாகா முறையை விளக்குகின்றது. நாள் தவறினால் அது பணத்தின் கணக்காக நில்லாது மானத்தின் வழக்காக மாறிவிடும். அம்மானமும் உடையவனின் மானமே.

நியாலின் சாகாவில் வரும் ஒரு பகுதி இதனை நன்கு காட்டும். நியால், குன்னார் என்னும் இருவரும் உற்ற நண்பர். அவர்தம் மனைவியர் பெர்க்தோராவும் ஹல்கெர்த்தும் ஒரு விருந்தில் இருக்கை பற்றிப் பிணங்கினர். பெண்கள் வாளெடுப்பதில்லை, ஆதலின் ஒருத்தி மற்றவளின் வேலையாளைக் கொல்வித்தாள். கணவர் இருவரும் மன்றத்திற் சந்தித்து 12 அவுன்சு வெள்ளிக்கு இணங்கினர். மறு ஆண்டு எதிர்க்கொலை நிகழ்ந்தது. அதே பணப்பை திரும்பி வந்தது. பின்னர் பெர்க்தோராவிடம் வேலைபார்த்த அத்லி என்பவன் தன் முறை வருவதை உணர்ந்தான். வேறிடம் போய்விடுமாறு நியால் கூறியபோது அவன் மறுத்து, ஒன்றையே வேண்டினான்: தான் மாண்டால் தனக்காக அடிமை விலை வாங்கலாகாது. நியால் அதற்கு இசைந்தார். அத்லி கொல்லப்பட்டபின் நூறு வெள்ளி கொடுபட்டது.

அத்லி உயிர்ப்பிச்சை கேட்கவில்லை, சம்பளமும் கேட்கவில்லை. செத்தபின் எந்தக் கணக்கில் தன்னைச் சேர்ப்பது என்பதையே கேட்டான். மானத்தையே ஒழுக்கமாகக் கொண்ட சமுதாயத்தின் அடித்தளம் இவ்வொரு வேண்டுகோளில் வெளிப்பட்டு விடுகின்றது. சுதந்திரன் ஒருவனுக்கு மானம் உண்டென்பதை அறிவிக்க, மானமில்லாதவன் ஒருவன் அருகில் இருத்தல் வேண்டியிருந்தது. கோழைத்தனம், பொய், அழுக்கு, அவசரப் பழி ஆகியன எல்லாம் அடிமையின் இயல்பெனச் சாகாக்கள் வரைவதன் காரணம் அதுவே. கீஸ்லியின் சாகாவிலே, பகைவர் துரத்தும்போது கீஸ்லி தன் நீலப் போர்வையை தோர்த் என்னும் அடிமைக்கு அணிவித்துத் தன்னைப்போல் அமர்த்துகிறான். பகைவர் ஏமாந்து தோர்த்தை ஈட்டியால் எறிந்து கொல்கின்றனர். அவ்வடிமைக்குச் சாகா வழங்கும் பட்டம் 'கோழை' என்பது. கீஸ்லிக்கோ அது சமயோசிதம் எனப் புகழாகின்றது. வகுப்பில் இக்கதையைச் சொன்னபோது மாணவர் முதலிற் சிரித்தனர். தோர்த் எவ்வூரான் என்று ஒருவர் வினவியபின் சிரிப்பு நின்றது.

சட்டத்திலே ஓரிடம் மட்டும் வியப்புக்குரியது. அடிமை ஒருவன், தன் மனைவியும் அடிமையேயாயினும், அவள்பொருட்டுக் கொலைசெய்ய உரிமையுடையவன். அடிமைப் பெண்ணின் பொருட்டுச் சுதந்திரனுக்கும் அவ்வுரிமை இல்லை. இவ்வொன்றில் அடிமையின் உரிமை சுதந்திரனின் உரிமையிலும் மேற்பட்டதெனச் சட்டமே வெளிப்படையாகச் சொல்கின்றது. மானமில்லாதவன் எனத் தள்ளப்பட்டவனுக்கும் ஒரு மானம் உண்டென்பதை அச்சட்டம் இயற்றியோர் எங்கோ ஓர் மூலையில் அறிந்திருந்தனர் போலும்.

இனி மெல்கோர்க்காவின் கதை. லக்ஸ்தால் மக்களின் சாகாவில் வரும் இக்கதை 13 ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது; அது கூறும் நிகழ்ச்சிகளோ 10 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஆதலின் ஒவ்வொரு சொல்லையும் வரலாறாகக் கொள்ளலாகாது. ஆயினும் அச்சமுதாயம் தன்னைப்பற்றி என்ன நினைத்தது என்பதற்கு இதனின் மேம்பட்ட சான்றில்லை.

ஹொஸ்குல்த் என்னும் ஐசுலாந்துத் தலைவன் மரம் வாங்க நோர்வே சென்றவிடத்து, தீவொன்றிலே கூடிய பெருஞ்சந்தைக்குப் போனான். அங்கே கில்லி என்ற செல்வ வணிகனின் கூடாரத்தில், திரைக்குப் பின்னே பன்னிரு பெண்கள் வரிசையாக அமர்ந்திருந்தனர். ஒவ்வொருத்தியின் விலையும் ஒரு மார்க்கு வெள்ளி, அதாவது 8 அவுன்சு. கூடாரத்தின் ஓரத்தில் எளிய உடையோடு இருந்த ஒருத்திக்கு மட்டும் விலை மூன்று மார்க்கு. அவள் ஊமையென்னும் குறையையும் கில்லி மறைக்கவில்லை. ஹொஸ்குல்த் தராசில் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து அவளை வாங்கினான். ஊர் திரும்பியபோது அவன் மனைவி யோருன் அவளை வேலைக்காரியாக ஏற்றாள். மாரி முடியுமுன் அவள் ஓர் ஆண்மகவை ஈன்றாள். ஓலாவ் என்று பெயரிட்டனர்.

குழந்தைக்கு ஈராண்டு நிரம்பிய காலத்தில் ஒருநாட் காலை, ஹொஸ்குல்த் பண்ணையைச் சுற்றிவருகையில், சரிவின் கீழே ஓடையருகில் பேச்சொலி கேட்டான். ஊமையெனப்பட்ட தாய் தன் மகனோடு பேசிக்கொண்டிருந்தாள். இனி மறைப்பதற்கில்லை என்று அவன் சொல்ல, அவள் தன் பெயர் மெல்கோர்க்கா என்றும், தந்தை அயர்லாந்தின் மன்னன் மிர்க்யார்த்தன் என்றும், பதினைந்தாம் வயதிற் சிறைபிடிக்கப்பட்டாள் என்றும் கூறினாள்.

ஆண்டுக்கணக்காக ஒருவரோடும் பேசாதிருத்தல் எளிதன்று. அவளுடைய உடலையும் உழைப்பையும் வெள்ளிக்கு விற்றுவிட்டனர். சொல்லை மட்டும் அவள் எவருக்கும் கொடுக்கவில்லை. அதனைத் தன் உறவென்று சொல்லத்தக்க ஒருவன் பிறந்தபின் அவனுக்கே முதலிற் கொடுத்தாள். எம்மொழியிற் பேசினாள் என்பதைச் சாகா அவ்விடத்திற் கூறவில்லை. ஆனால் பின்னாளில் ஓலாவ் அயர்லாந்துக் கரையில் இறங்கியபோது அந்நாட்டு மொழியை நன்கு பேசினான் என்று கூறுவதால் நாம் உய்த்துணரலாம்.

குலப்பெயரை அறிந்தவுடன் யாவும் மாறின எனலாகாது. ஒரு மாலை, யோருன் படுக்கைக்குச் செல்கையில், தன் காலுறைகளைக் கழற்றிய மெல்கோர்க்காவை அக்காலுறைகளாலேயே தலையில் அடித்தாள். மெல்கோர்க்கா சினந்து அவள் மூக்கிற் குத்த, இரத்தம் பெருகியது. வேறோர் அடிமைப்பெண் இதனைச் செய்திருப்பின் என்ன நேர்ந்திருக்குமென்பதை ஊகிக்கலாம். ஹொஸ்குல்த் இருவரையும் பிரித்து, மெல்கோர்க்காவுக்கு வேறொரு பண்ணையைக் கொடுத்தான். அவ்விடம் அவள் பெயரால் வழங்கலாயிற்று.

ஓலாவ் வளர்ந்து, தாய் கொடுத்த பொன்மோதிரத்தோடு அயர்லாந்து சென்றான். பாட்டன் அவனைத் தன் பேரனென ஏற்றான். ஆயினும் ஐசுலாந்தில் அவன் அடிமைப்பெண்ணின் மகனே. புகழ்பெற்ற எகிலின் மகளை அவனுக்குப் பெண் கேட்டபோது, அப்பெண் முதலில் அதனையே சொல்லி மறுத்தாள். ஹொஸ்குல்த் சாகுந்தறுவாயில் ஓலாவுக்கும் பங்கு கொடுக்க விரும்பினான். முறைப்படி பிறந்த மகன் ஒருவன் மறுத்தான். அவ்வாறாயின் சட்டம் தனக்களித்த உரிமைப்படி ஓலாவுக்கு 12 அவுன்சு கொடுப்பதை ஒருவரும் தடுக்கலாகாது என்றான் தந்தை. அம்மகனும் இசைந்தான். உடனே ஹொஸ்குல்த் 12 அவுன்சையும் வெள்ளியாகவன்றிப் பொன்னாக அளித்தான். இச்சூழ்ச்சியைப் படிப்போர் மகிழ்வர். கொல்லப்பட்ட அடிமையின் விலையும் அதே 12 அவுன்சு என்பது நினைவுக்கு வந்தால் மகிழ்ச்சி சிறிது குறையும்.

மெல்கோர்க்காவின் கதையை அந்நாட்டார் போற்றிக் காத்தமைக்குக் காரணம் அவள் அடிமையாக்கப்பட்டது அநீதி என்பதன்று. அரசன் மகள் அடிமையாக்கப்பட்டது அநீதி என்பதே. திரைக்குப் பின்னிருந்த மற்றைப் பதினொருவருக்கும் தந்தையர் இருந்திருப்பர். அவர்தம் பெயர்களைச் சாகா கேட்கவில்லை. இன்று அவர்களைப் பற்றிப் பேசுவது வேறொரு துறை. 2000, 2001 ஆம் ஆண்டுகளில் ஆக்னர் ஹெல்காசன் என்னும் அறிஞரும் உடனாய்வாளரும் வெளியிட்ட மரபணு ஆய்வுகளின்படி, குடியேறிய ஆடவரில் முக்காற்பங்கினர்க்கு மேல் வடபுலத்தார். பெண்களிலோ ஏறத்தாழ 62 விழுக்காட்டினர் அயர்லாந்து, ஸ்கொத்லாந்துப் பகுதிகளைச் சார்ந்தோர். அப்பெண்கள் அனைவரும் அடிமைகளல்லர். மனைவியராக வந்தோரும் உளர். ஆனால் விலைகொடுத்தோ வாள்முனையிலோ கொணரப்பட்டோர் பலர் என்பதை மறுத்தல் அரிது.

விடுதலை அளித்தல் அக்காலத்தில் அருமையான செயலன்று. அதனைச் செய்தவன் புகழும் பெற்றான். ஸ்நொறி ஸ்தூர்லுசன் எழுதிய நோர்வே அரசர் வரலாற்றில் எர்லிங் என்னும் தலைவன் சிறந்த ஆண்டானாகக் காட்டப்படுகின்றான். அவன் வீட்டில் முப்பது அடிமைகள் இருந்தனர். நாள்வேலையை அளவிட்டுக் கொடுத்து, எஞ்சிய பொழுதில் தமக்கென உழைக்க நிலமும் வித்தும் அளித்தான். சிலர் ஓராண்டிலும், பலர் ஈராண்டிலும், ஊக்கமுள்ள எவனும் மூன்றாண்டிலும் தன் விலையைக் கொடுத்து விடுதலை பெற்றான். விடுதலையானோரை மீன்பிடியிலும் காடுவெட்டிக் குடியேறுவதிலும் எர்லிங் நிலைநிறுத்தினான். எல்லோரையும் ஏதோ ஒரு வழியில் உயர்த்தினான் என்பது ஸ்நொறியின் பாராட்டு. அடிமைகள் கொடுத்த பணத்தை எர்லிங் என்ன செய்தான்? வேறு அடிமைகளை வாங்கினான். இதையும் ஸ்நொறி அதே பாராட்டுரையில், தயக்கமின்றி எழுதியுள்ளார். ஈகை அங்கே இருந்தது. ஈகை தேவைப்படாதவாறு செய்ய வேண்டும் என்ற நினைவு எவர்க்கும் எழவில்லை. என் மாணவரின் வினாவுக்கு நேரான விடை இதுவென்றே கருதுகின்றேன். ஆட்டத்திலே அவர் நின்று தயங்கும் கவர்வழி, அம்மக்கள் நடந்த பாதையில் இல்லை.

விடுபட்டவனும் உடனே சுதந்திரனாகி விடவில்லை. ஐசுலாந்திலே தலைவன் ஒருவன் அவனைச் 'சட்டத்துள் அழைத்துச் செல்லுதல்' வேண்டும். அதுவரை அடிமையின் உரிமையும் இல்லை, சுதந்திரனின் உரிமையும் இல்லை. மக்களின்றி அவன் இறப்பின் சொத்து பழைய ஆண்டானைச் சேரும். நோர்வேயின் பழஞ்சட்டங்களில் விடுதலை விருந்தொன்று விதிக்கப்பட்டிருந்தது. விடுபட்டோன் பார்லி மது வடித்து, ஆட்டுக்கடா அறுத்து, ஆண்டானை அழைத்து உயரிருக்கையில் அமர்த்தல் வேண்டும். அந்நாட்டின் மேற்குப் பகுதிக்குரிய குலதிங் சட்டத்தில் இன்னொரு விதி உண்டு. எழுதவே கை கூசுகின்றது. விடுபட்டோரின் பிள்ளைகள் வறுமையுற்றால், கோயில் முற்றத்திற் குழி தோண்டி அவர்களை அதில் இறக்கி விடுவது. இறுதிவரை உயிரோடிருக்கும் ஒன்றை ஆண்டான் எடுத்து வளர்ப்பது. இவ்விதி நடைமுறையில் இருந்ததாவென ஆய்வாளர் ஐயுறுவர். எழுத்தில் இருந்தது என்பதில் ஐயமில்லை. தாங்குவதற்குச் சுற்றமில்லாதவன் என்பதன் முழுப்பொருளை அது சொல்லும்.

உறவற்றிருந்தவன் உறவு பெற்றபின் பிற அடிமைகளிடம் இரக்கங்கொள்வான் என்று நாம் எதிர்பார்க்கலாம். எயிரிக்கின் சாகா அவ்வாறு கூறவில்லை. அவுத் என்னும் பெருமாட்டி ஸ்கொத்லாந்திலிருந்து வந்து குடியேறியபோது, மேற்குக் கடற்பக்கத்திற் சிறைபிடிபட்ட பலரை உடன் கொணர்ந்து, விடுவித்து, நிலமும் பகிர்ந்தளித்தாள். அவருள் ஒருவன் வீவில். எல்லோர்க்கும் நிலம் கொடுத்தும் எனக்கேன் தரவில்லை என்று அவன் கேட்க, நிலமின்றியும் நீ எங்கும் மதிக்கப்படுவாய் என்று கூறி, பின் ஒரு பள்ளத்தாக்கை அவனுக்கு அளித்தாள். வீவிலின் மகன் தோர்பியோர்ன். தோர்பியோர்னின் மகள் குத்ரித், பேரழகி. எயினார் என்ற இளவணிகன், செல்வமும் நற்குணமும் உடையவன், நண்பர் ஒருவர் வாயிலாக அவளைப் பெண் கேட்டான். எயினாரின் தந்தை ஒருகாலத்தில் அடிமையாயிருந்து விடுபட்டவர். தோர்பியோர்ன் சினந்தான். அடிமையின் மகனுக்குத் தன் மகளைக் கொடுப்பதா, தன் கைப்பொருள் சுருங்கிற்றென்றுதானே இவ்வாறு கேட்கத் துணிந்தனர் என்று வெகுண்டு, அவ்வவமானம் பொறாது நிலத்தை விற்றுக் கிறீன்லாந்துக்கே குடிபெயர்ந்தான்.

தன் தந்தை யாரென்பதை அவன் மறந்திலன். வீவில் பிறப்பால் உயர்குடியினன், பிடிபட்டதனாலேயே அடிமை எனப்பட்டான் என்று சாகா முன்னரே சொல்லி வைக்கின்றது. அதுவே தோர்பியோர்னின் நியாயமாகவும் இருந்திருக்கும். எயினாரின் தந்தைக்கு அவ்வாறு ஒரு குலக்கதை சொல்வார் இலர். இருவர்க்குமிடையே இருந்த வேறுபாடு அவ்வளவே. பின்னாளில் குத்ரித் அமெரிக்கக் கரைவரை கடலோடி, அங்கே ஒரு மகனையும் பெற்றாள். அவள் வழியில் 12 ஆம் நூற்றாண்டில் ஐசுலாந்தின் ஆயர்கள் மூவர் தோன்றினர் என்று சாகா பெருமையோடு முடிகின்றது.

ஐசுலாந்தில் அடிமை முறையை ஒழித்த சட்டம் ஒன்றும் இல்லை. 11 ஆம் நூற்றாண்டில் கடற்கொள்ளை ஓய்ந்தது. புதிய அடிமைகளின் வரவும் குன்றியது. மாரி முழுவதும் ஒருவனுக்கு உணவிட்டு வைத்திருப்பதிலும், குத்தகைக்கு நிலம் விடுவதும் ஆண்டுக் கூலிக்கு ஆள் அமர்த்துவதும் ஆதாயமாயின. 12 ஆம் நூற்றாண்டில் அம்முறை தானே அருகி மறைந்தது. அடிமைகள் பற்றிய விதிகள் மட்டும் ஏடுகளில் நின்றன. சுவீடனிலோ 1335 இல் மன்னன் மாக்னஸ், தன் நாட்டின் சில பகுதிகளில், கிறித்தவப் பெற்றோர்க்குப் பிறந்தவர் எவரும் அடிமையாகார் என ஆணையிட்டான்.

மீண்டும் இங்கோல்விடம் வருவோம். அவன் கரையை அணுகியபோது, தன் உயரிருக்கையின் தூண்களைக் கடலில் எறிந்து, அவை ஒதுங்கும் இடத்தில் குடியேறுவதாக நேர்ந்தான். தேடுமாறு வீவில், கார்லி என்னும் இரு அடிமைகளை அனுப்பினான். இவ்வீவில் அவுத்தின் வீவில் அல்லன். மூன்றாம் ஆண்டில் தூண்கள் கிடைத்தன. அவ்விடமே இன்று தலைநகராகிய ரெய்க்யாவிக். நல்ல நிலங்களையெல்லாம் கடந்துவந்து இப்பாழ்முனையிற் குடியிருப்பதா என்று கார்லி முணுமுணுத்தான். இங்கோல்வ் வீவிலுக்கு விடுதலையும் நிலமும் கொடுத்தான். அந்நிலம் இன்றும் அவன் பெயராலேயே வழங்குகின்றது. 1910 இல் அங்கே காசநோயாளருக்கு ஒரு மருத்துவமனை எழுந்தது. கார்லியோ அடிமைப்பெண் ஒருத்தியை அழைத்துக்கொண்டு ஓடிவிட்டான். சில காலத்தின்பின் இங்கோல்வ் ஒரு மலைமேல் நின்று பார்க்கையில், தொலைவிலுள்ள ஏரிக்கரையிற் புகை எழக் கண்டான். அங்குச் சென்று கார்லியைக் கண்டான் என்று குடியேற்ற நூல் கூறுகின்றது. அதன்பின் என்ன நிகழ்ந்தது என்பதையும், உடன்சென்ற அப்பெண்ணின் பெயரையும் அது கூறவில்லை.